இன்னா வேண்டுதல்?

எங்கள் ஆயா பதினெட்டு வருஷம் தீ மிதித்தது. ஆனால் ஒருநாளும் அதைத் தீ என்று சொன்னதில்லை. "பூ மிதிக்கணும்" என்றுதான் சொல்லும். செஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஊர் நடுவில் திரௌபதி அம்மன் கோயில். காப்பு கட்டிய நாளிலிருந்து மத்தியானத்தில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். வீட்டைவிட நீளமாக மண்ணில் துரியோதனனைச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் அந்த மண் தொடையில் அடித்ததும் திரௌபதி அதிலிருந்து சிவப்பை எடுத்துத் தலையில் தடவி, அத்தனை நாள் விரித்துப் போட்டிருந்த கூந்தலை முடிந்துகொள்வாள். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஆயா மஞ்சள் சேலை கட்டும். சாயங்காலம் பூக்குழி.

குழியின் கடைசியில் சின்னதாக இன்னொரு குழி வெட்டியிருப்பார்கள். அதில் பாலும் தண்ணீரும் கலந்து நிற்கும். பால்குழி என்று பேர். நெருப்பைக் கடந்து வந்தவர்கள் அதில் கால் வைத்து நிற்பார்கள். சின்ன வயதில் நான் எப்போதும் அந்த முனையில்தான் நிற்பேன். இறங்குகிற இடத்தில் ஆயாவின் முகத்தைப் பார்க்கப் பயம். வந்து சேருகிற இடத்தில் பார்த்தால் அது வேறு முகமாக இருக்கும்.

அப்பா குழந்தையாக இருந்தபோது ஜுரத்தில் கிடந்தாராம். பிழைத்தால் மூன்று வருஷம் பூ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டது. மூன்று முடிந்தது. அப்புறம் அத்தை கல்யாணம், அப்புறம் கிணற்றில் தண்ணி, அப்புறம் என் தம்பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல். ஆயாவுக்கு நெருப்பு என்பது தானே போய்ப் பேசி முடித்துக்கொண்டு வருகிற ஒரு கணக்கு. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் புத்தகத்திலும் திரையிலும் ஒரு பெண் நெருப்புக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன்.

1988-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம். ஊரில் இரண்டே டிவி. ஒன்று வாத்தியார் வீட்டில். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போய் உட்காருவோம். யாருக்கும் இந்தி தெரியாது, கதை தெரியும். யுத்தம் முடிந்து சீதை வருகிறாள், கட்டைகளை அடுக்குகிறார்கள், நெருப்பு எழுகிறது. அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த ஆயா வாத்தியாரைக் கேட்டது: "அந்தப் பொண்ணுக்கு இன்னா வேண்டுதல்?"

வாத்தியார் சொன்னார், வேண்டுதல் இல்லை, ராமர் சொல்லித்தான் இறங்குகிறாள் என்று. உண்மையான சீதையை முன்னமே அக்னியிடம் ஒப்படைத்திருந்தார்கள், ராவணன் தூக்கிப்போனது மாயச் சீதையை, இப்போது நெருப்பிலிருந்து நிஜச் சீதை வருவாள் என்று விளக்கவும் செய்தார். ஆயா தலையாட்டியது. வீட்டுக்கு வரும் வழியில், ரொம்ப நேரம் கழித்து, "அப்ப அது பூ இல்ல, நெருப்புதான்" என்றது. அன்றைக்கு நான் பன்னிரண்டு வயதுப் பெண். அந்த வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மாயச் சீதை பிற்காலத்தில் வந்தவள் என்பதை வளர்ந்தபின் தெரிந்துகொண்டேன். வால்மீகியில் அவள் இல்லை. துளசிதாசரிடம் இருக்கிறாள். பக்தர்களின் மனம் அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் கண்டுபிடித்த வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. தன் தெய்வம் தன் மனைவியை நெருப்பில் இறக்கியது என்று எப்படிப் பாடுவது? சோதனையை ஒரு பொருள் மாற்றும் சடங்காக ஆக்கிவிட்டால் மனசு ஆறுகிறது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு சமாதானம் தேவைப்பட்டது என்பதே அந்தக் காட்சி எவ்வளவு உறுத்தியது என்பதற்குச் சாட்சி.

கம்பன் வேறு வழியில் போகிறான். மீட்சிப் படலத்தில் ராமன் பேசுவதைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசும். அரக்கன் ஊரில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாயே, ஒழுக்கம் பாழ்பட்டும் நீ "மாண்டிலை" என்கிறான். ஏன் சாகவில்லை என்று கேள்வி. அந்த வார்த்தையை மென்மையாக்க கம்பன் முயலவே இல்லை. ஆனால் அவள் இறங்கியதும் வெந்து துடிப்பது அக்னிதேவன். சீதையின் கற்புத் தீ தாங்காமல் அவன் கரிந்து எழுகிறான். சோதிக்க வந்தவனையே சோதனைக்கு உள்ளாக்கிவிட்டது கவிதை.

இதை நினைக்கும்போதெல்லாம் இளங்கோவடிகளின் அக்னியும் கூடவே வருவான். மதுரையில் கண்ணகி முன் வந்து, யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று கேட்டு நிற்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று அவள் சொல்கிறாள். இங்கே நெருப்பு அவள் கையில் இருக்கிற ஆயுதம். ஒரே தெய்வம், ஒரே நெருப்பு. ஒரு கதையில் அவளைச் சோதிக்கிறது, இன்னொன்றில் அவளிடம் கட்டளை கேட்டு நிற்கிறது. தமிழில் எழுதியவர்களுக்கு இந்த இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

நான் சென்னையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' என் மேசைக்கு வந்தது. 1943-ல் வந்த கதை. ராமனின் கால் பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, கோதமனோடு மறுபடி வாழப் பழகுகிறாள். முடிசூடிய பிறகு சீதை அவளைப் பார்க்க வருகிறாள். நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வரும்போது நெருப்பில் இறங்கியதையும் சொல்கிறாள். அவன் கேட்டானா என்று துடிக்கிறாள் அகலிகை. அவளுக்குள் கண்ணகியின் வெறி ஆடியது என்று எழுதுகிறார். நான் பென்சிலை எடுத்துவிட்டேன், காலப்பிழை என்று சுழிக்க. அகலிகையின் காலம் எங்கே, கண்ணகியின் காலம் எங்கே?

சுழிக்கவில்லை. அரைமணி நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தேன். அவருக்குத் தெரியாமலா எழுதினார்? ராமாயணத்துக்குள் நின்றுகொண்டு ராமனிடம் கேட்பதற்கு அகலிகைக்கு ஒரு மொழி இல்லை. அந்த மொழியைச் சிலப்பதிகாரத்திலிருந்து கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். சோதிக்கும் நெருப்புக்குப் பதில் சொல்ல, கட்டளைக்குக் காத்து நிற்கும் நெருப்பு. ஆனால் அது வெளியே வந்து எரிவதில்லை. அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். தன்னை மன்னித்து எழுப்பியவனே இன்னொருத்தியை நெருப்பில் இறக்கினான் என்று தெரிந்தபின் அவளால் மனுஷியாக இருக்க முடியவில்லை. முதல் தடவை கல்லானது சாபம். இரண்டாவது தடவை அவளுடைய தீர்மானம் என்றுதான் எனக்குப் படுகிறது. அதே கல், வேண்டுதல் கைமாறிவிட்டது.

இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர் இல்லை. இன்றைய வங்கதேசத்து மைமன்சிங் பகுதியில் பதினாறாம் நூற்றாண்டில் சந்திராவதி பாடிய ராமாயணம் சீதையின் பிறப்பில் தொடங்கி அவள் பக்கமே நிற்கிறது. 1919-ல் மலையாளத்தில் குமாரன் ஆசான் 'சிந்தாவிஷ்டயாய சீதா'வில் அவளை ஆசிரமத்தில் தனியாக உட்காரவைத்து யோசிக்க விட்டார். அம்பையின் 'அடவி'யில் சீதை தன் கதையைத் தானே எழுதுகிறாள். இவற்றைச் சேர்த்துப் படித்தால், மதச் சின்னம் என்றால் நிலையாக நிற்கிற ஒன்று என்ற எண்ணமே போய்விடும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது அது என்னவாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சினிமாவுக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கொட்டகையில் பார்த்த சாமிப் படங்களில் அடையாளங்கள் சட்டென்று புரியும். விளக்கு அணைந்தால் சாவு. கோயில் மணி தானாக அடித்தால் சத்தியம் ஜெயித்தது. குங்குமம் கொட்டினால் புருஷனுக்கு ஆபத்து. இவற்றைச் சின்னவை என்று நான் ஒதுக்க மாட்டேன். திரையில் கற்பூரம் எரியும்போது கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அந்த விளக்கு யாருக்காகவும் எரியவில்லை, இயக்குநர் நமக்குத் தகவல் சொல்லவே எரிந்தது. அணைந்த கையோடு மறந்துவிடும்.

சத்யஜித் ராயின் 'தேவி' அப்படி மறக்கவிடாது. 1960-ல் வந்த படம். நான் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் பார்த்தேன். தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது வெள்ளை வெளேரென்று ஒரு பொம்மை முகம். மெல்ல மெல்ல அதற்குக் கண் வருகிறது, அலங்காரம் வருகிறது, அம்மனாகிறது. அப்புறம் படம் முழுக்க அதே வேலை ஓர் உயிருள்ள பெண்ணுக்கு நடக்கிறது. காளி பக்தரான ஜமீன்தார் மாமனாருக்குக் கனவு வருகிறது. அம்மனின் கண்கள் மருமகள் தயாமயியின் முகத்தில் தெரிகின்றன. விடிந்ததும் அவள் காலில் விழுகிறார். பதினேழு வயதுப் பெண், நேற்றுவரை அவருக்குக் கால் பிடித்துவிட்டவள், இன்று மாலையும் தூபமும் சூழப் பீடத்தில். சாகக் கிடந்த ஒரு குழந்தையைக் கொண்டுவந்து போடுகிறார்கள், பிழைத்துவிடுகிறது. அதன்பின் அவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது, ஒருவேளை நான் தேவிதானோ என்று. அந்தச் சந்தேகத்தை ஷர்மிளா தாகூர் முகத்தில் பார்க்கும்போது எனக்கு ஆயாவின் கேள்விதான் வந்தது. இவளுக்கு என்ன வேண்டுதல்? ஒன்றுமில்லை. மாமனாரின் கனவு, ஊரின் தேவை. தன் வீட்டுக் குழந்தையே நோயில் விழும்போது அவள் மடியில்தான் போடுகிறார்கள். அது பிழைக்கவில்லை.

ராய் தெய்வத்தைத் திட்டவே இல்லை என்பதைக் கவனித்தேன். அந்தப் பக்தி உண்மையானது. அந்தக் கிழவரின் கண்ணீரும் உண்மை. அதனால்தான் படம் அவ்வளவு பயமாக இருக்கிறது.

நெருப்பை நேரடியாக எடுத்துக்கொண்ட படங்களும் உண்டு. மணிரத்னத்தின் 'ராவணன்' படத்தில் மீட்டுக்கொண்டு வந்த மனைவியிடம் ரயிலில் வைத்துச் சந்தேகம் எழுப்புகிறான் போலீஸ்காரக் கணவன். உண்மை கண்டறியும் பரிசோதனைக்கு வருகிறாயா என்ற பேச்சு வருகிறது. கட்டைகளுக்குப் பதில் கம்பிகளும் இயந்திரமும். யோசனை கூர்மையானது. ஆனால் காட்சி சீக்கிரம் முடிந்துபோகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தீபா மேத்தாவின் 1996-ஆம் ஆண்டுப் படத்துக்குப் பெயரே 'ஃபயர்'. ஒரே வீட்டு மருமகள்கள் ராதா, சீதா. இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். 1998-ல் திரையரங்குகளைத் தாக்கினார்கள். இந்திப் பதிப்பில் சீதாவின் பெயரை நீதா என்று மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பெயர்கூட அவ்வளவு சூடு. எனக்கு மனதில் நிற்பது அதன் முடிவு. சமையலறையில் ராதாவின் சேலையில் தீப் பிடிக்கிறது. கணவன் தன் தாயைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். அவள் தானாகவே பிழைத்து, மழையில், நிஜாமுதீன் தர்காவில் காத்திருக்கும் சீதாவிடம் வந்து சேருகிறாள். ராமாயணத்து நெருப்பிலிருந்து வந்தவளுக்கு நிழல் கொடுப்பது ஒரு சூஃபி ஞானியின் இடம். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் அம்மனுக்கும் நேர்ந்துகொண்டு தர்காவுக்கும் போய் மந்திரித்துக்கொண்டு வருவார்கள். அதனால் அந்த முடிவு எனக்குப் புதுமையாகத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'காஞ்சன சீதா' (1977) பற்றிக் கொஞ்சமாவது சொல்லாமல் போக முடியாது. அதில் சீதையாக நடித்தவர் யாருமே இல்லை. ராமனும் லட்சுமணனும் ஆந்திரக் காட்டைச் சேர்ந்த ராம செஞ்சு பழங்குடி மக்கள். கிரீடம் இல்லை, ஜரிகை இல்லை. சீதை காற்றாக வருகிறாள், இலை அசைகிறது, வெளிச்சம் மாறுகிறது. அசுவமேத யாகத்தில் மனைவியின் இடத்தில் பொன்னால் செய்த சீதையை வைக்கிறான் ராமன். காட்டிலிருப்பவளைச் சோதித்து விரட்டிவிட்டு, கேள்வி கேட்காத பொன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறான். சின்னம் என்ற சொல்லுக்கே இது ஓர் எச்சரிக்கை மாதிரி இருக்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை மரங்களை மட்டும் பார்த்தேன்.

இங்கே சினிமாவை விட்டு ஜெயகாந்தனின் ஒரு சிறுகதைக்கு வர வேண்டும். 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போன ஒருவன் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுகிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். அப்புறம் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துக் குடம் குடமாகத் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். இதைத் தண்ணீர் என்று நினைக்காதே, நெருப்பென்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பத்திரிகையில் பெரிய சண்டை நடந்த கதை. அந்த அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அவரே பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார்.

ஒரு பொங்கல் விடுமுறையில் இந்தக் கதையை ஆயாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டது. தண்ணீர் ஊற்றும் இடம் வந்ததும் முறம் நின்றது. முடியும்வரை மறுபடி அசையவில்லை.

"அது பால்குழி" என்றது.

எனக்குப் புரியவில்லை.

"நெருப்புல எறங்கி வந்தவளுக்கு அந்தப் பக்கம் பால்குழி வேணும் பாப்பா. இந்தம்மா வெட்டி வச்சிருக்கா. டிவியில அந்தப் பொண்ணுக்கு யாரும் வெட்டலையே."

நான் எத்தனையோ விமர்சனக் கட்டுரைகளுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை இப்படிப் படித்த ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நானெல்லாம் தண்ணீரை நெருப்புக்கு மாற்றாக, தலைப்பில் இருக்கும் ராமாயணத்துக்குப் பதிலாகப் படித்திருந்தேன். ஆயாவுக்கு அந்தப் பெண் நெருப்பை ஏற்கெனவே கடந்துவிட்டாள். காரிலேயே. இனி யாரும் அவளைச் சோதிக்க வேண்டியதில்லை. காலைக் குளிர வைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யை நான் ஆயாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. துணியவில்லை. எங்கள் ஊர்க் கூத்தில் துகில் உரியும் ராத்திரி துச்சாதன வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி, விழுந்து கும்பிட்டு, மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சேலை முனையைத் தொடுவார். அவர் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். மகாசுவேதா தேவியின் வங்காளத்துக் கதையில் திரௌபதி ஒரு சந்தால் பழங்குடிப் பெண். தோப்தி என்று பெயர் மருவியிருக்கிறது. ராணுவ முகாமில் இரவெல்லாம் சிதைக்கிறார்கள். சேலை கொடுக்க எந்தக் கிருஷ்ணனும் வரவில்லை. காலையில் துணியைக் கொடுக்கும்போது அவள் உடுத்த மறுக்கிறாள். காயங்களோடு வெயிலில் நடந்துவந்து அதிகாரியின் முன்னால் நிற்கிறாள். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக, ஆயுதமில்லாத ஓர் ஆளைக் கண்டு பயப்படுகிறான். மணிப்பூரில் கன்ஹைலால் 2000-ல் இதை நாடகமாக்கினார். நான்கு வருஷம் கழித்து, 2004 ஜூலையில், இம்பால் கங்லா கோட்டை வாசலில் தாய்மார்கள் ராணுவத்தைக் கண்டித்து ஆடையில்லாமல் நின்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் கோயில் திரௌபதியின் விரித்த கூந்தல்தான் என் கண்ணில் நின்றது. அவள் அதை முடியாமல் இத்தனை காலம் காத்திருக்கிறாளே என்று.

கடைசியாக ஆயாவோடு திருவிழாவுக்குப் போனது அதற்கு அடுத்த வருஷம். முழங்கால் விட்டுப்போயிருந்தது, பூ மிதிக்க முடியாது. பால்குழிக்குப் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்காரவைத்தார்கள். கையில் பித்தளைச் சொம்பு. வந்து சேருகிற ஒவ்வொருவர் காலிலும் பாலை ஊற்றிக்கொண்டிருந்தது. இளம்பெண்கள், இடுப்பில் குழந்தையோடு வந்த தாய்மார்கள், தலையில் கரகத்தோடு வந்த ஒரு கிழவர். கூட்டமும் பறையும் சூடும் சேர்ந்து என்னைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருந்தது. காப்புக் கட்டாதவள் இறங்கக்கூடாது என்று தெரியும். இருந்தும் குனிந்து ஆயாவின் காதில், அடுத்த வருஷம் காப்புக் கட்டி நானும் மிதிக்கட்டுமா என்று கேட்டேன்.

"இன்னா வேண்டுதல்?" என்றது.

"ஒண்ணும் இல்ல ஆயா. சும்மாதான் தோணுச்சு."

"அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு, குழியைக் கடந்து தள்ளாடி வந்த ஒரு பெண்ணின் காலைப் பிடித்துச் சொம்பைச் சாய்த்தது.